ஐந்து ஏக்கருக்கு மறுநடவு: செம்பனையா, டுரியானா, ரப்பரா?

செம்பனை (எண்ணெய்ப்பனை) மரம் இருபத்தைந்து வயதைத் தாண்டினால் சொந்தக்காரர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மரம் காய்ப்பதை நிறுத்திவிடாது. ஆனால் குலை நிற்கும் உயரத்துக்குக் கம்பை நீட்டி அரிவாள் போட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி ஏறிவிடுகிறது. அவ்வளவு உயரத்தில் பழம் பழுத்திருக்கிறதா என்று கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. பச்சைக் குலையை அறுத்துப் போட்டுவிடுவார்கள், விற்கும் இடத்தில் அதற்கு வெட்டு விழும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் சுற்றுவட்டாரத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட சிறு நிலங்கள் பல இப்போது இந்தக் கட்டத்தில்தான் நிற்கின்றன.

எங்கள் சொந்தத்தில் ஒரு மாமாவுக்கு ஐந்து ஏக்கர். போன தீபாவளிக்கு அவர் வீட்டில் இதே பேச்சுதான். “சீனாவுல எவ்வளவு கொடுத்தாலும் வாங்குறான் மாமா, இன்னும் செம்பனையைக் கட்டிக்கிட்டு அழுறீங்களே” என்றார் மருமகன். “வாங்குறான், சரிப்பா. டுரியான் காய்க்கிற வரைக்கும் சோறு யாரு போடுறது?” என்றார் மாமா. மூத்த மகன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எல்லாரும் சிரம்பான் நகருக்கே வந்துவிடலாம் என்கிறார். அத்தை மட்டும், “ரப்பரே போட்டிருக்கலாம், வாரம் தவறாம காசு வரும்” என்று அடுப்படியிலிருந்து சொன்னார். நான்கு பேருக்கும் நான்கு வழி. இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருப்பதால் அந்த நான்கையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஏற்றுமதிச் சந்தைக்கு விற்கலாமா வேண்டாமா என்று கேட்கும் நிலையில் நாம் இல்லை. தாத்தாக்கள் கப்பலில் வந்து இறங்கிய காலத்திலிருந்தே இந்த மண்ணில் விளைவது பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. குலை வாங்கும் இடமான ரேம்ப்பில் கொட்டிவிட்டு ரசீது வாங்குகிறவர் தன்னை ஏற்றுமதியாளர் என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது, மே மாதமே தடையை எடுத்தது. செப்டம்பர் முடிவதற்குள் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. அதே ஆண்டில் உக்ரேன் போரால் உரம் யானை விலை. பகாவ் இருக்கும் ஜம்போல் மாவட்டத்தில் ஒரு மரம்கூட அந்த ஆண்டு முன்பைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ காய்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பணம் ஏறி இறங்கியது.

ஆகவே நான்கு வழிகளையும் கிலோ விலையை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிநாட்டில் வாங்குகிறவர் போடும் நிபந்தனை எவ்வளவு தூரம் நம் வீட்டுக்குள் வருகிறது, விலை விழுந்தால் யார் தலையில் விடிகிறது, வீட்டு ஆட்களின் நேரம் எவ்வளவு அதில் போகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஏன் என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

ஐந்து ஏக்கர் என்பது ஏறக்குறைய இரண்டு ஹெக்டர். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 16 டன் குலை என்ற அளவில் இருக்கிறது. அப்படியானால் 32 டன். டன்னுக்கு 800 ரிங்கிட் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஆண்டுக்கு 25,600 ரிங்கிட். அறுவடைக் கூலி, லோரி, உரம், புல்லுக்கு மருந்து எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 17,000. மாதத்துக்கு 1,400 சொச்சம். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். அதாவது ஐந்து ஏக்கர் செம்பனை ஒரு தொழிற்சாலைச் சம்பளத்துக்குக்கூட ஈடாகாது. விலை ஆயிரத்துக்குப் போனாலும் ஏதோ கிட்டத்தில் வரும்.

அதனால் இந்த நிலத்தை வீட்டின் இரண்டாவது வருமானமாகத்தான் பார்க்க வேண்டும். சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செம்பனைக்கு மாறிய சிறு விவசாயக் குடும்பங்களை ரப்பர் குடும்பங்களோடு வைத்துப் பார்த்தார்கள். செம்பனை வீடுகளில் செலவு செய்யும் சக்தியும் சாப்பாட்டின் தரமும் கூடியிருந்தன. காரணம் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டரிலிருந்து அள்ளிக் குவித்துவிட்டார்கள் என்பதல்ல. செம்பனைக்கு வேலை நாள் குறைவு. மிச்சமான நேரத்தில் கூடுதல் நிலம் பார்த்தார்கள், வெளிவேலைக்குப் போனார்கள். பயிர் கொடுத்த காசைவிட அது விட்டுவைத்த நேரம்தான் வீட்டைத் தூக்கிவிட்டது. நம் ஊருக்கு இது அப்படியே பொருந்துகிறது.

இனி ஒவ்வொன்றாக. முதலில் திரும்பவும் செம்பனை.

செம்பனை போடுவது என்று முடிவானாலும் யாரிடம் விற்பது என்பது தனிக் கேள்வி. பெரும்பாலோர் தவுக்கேயின், அதாவது குலை வாங்கும் வியாபாரியின், ரேம்ப்பில் போடுகிறார்கள். நேராக ஆலைக்குக் கொண்டு போனால் டன்னுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஐந்து ஏக்கரில் ஒரு சுற்றுக்கு, அதாவது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு டன் சொச்சம்தான் வரும். அதற்கு ஒரு லோரி பிடித்து ஆலை வாசலில் வரிசையில் நிறுத்தினால் லாபம் டீசலில் போய்விடும். தவுக்கே நாலு பேருடைய குலையைச் சேர்த்து அனுப்புகிறார். அவரை வில்லனாக்குவது சுலபம். பள்ளிக்கூடம் திறக்கும்போதோ வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதோ எந்தத் தாளும் கேட்காமல் முன்பணம் கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பணத்துக்கு வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. அது விலையிலும் எடையிலும் கழிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

எங்கே கழிகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். செம்பனை வாரியமான எம்பிஓபி குலைக்கு அறிவிக்கும் குறிப்பு விலை, எண்ணெய் விகிதம் ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். ஓஇஆர் என்று சொல்வார்களே, அதுதான் இந்த விகிதம். அன்றைய விலையை உங்கள் குலைக்கு ஒப்புக்கொண்ட விகிதத்தால் பெருக்கினால் டன் விலை. எண்ணெய் டன் 4,000 ரிங்கிட் விற்கும்போது ஒரு விழுக்காடு என்பது குலை டன்னுக்குச் சுமார் 40 ரிங்கிட். 20 தர வேண்டிய இடத்தில் 18 என்று எழுதினால் டன்னுக்கு 80 போச்சு. 32 டன்னுக்கு 2,500 ரிங்கிட்டுக்கு மேல். பல பேர் ரசீதில் எடையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். விகிதம் என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அதே சமயம் நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். பழுத்த குலை என்றால் பத்துப் பழமாவது தானாக உதிர்ந்திருக்க வேண்டும் என்பது வாரியத்தின் தரக்கணக்கு. அறுத்த குலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலை போய்ச் சேர வேண்டும். கீழே கிடக்கும் உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அதைப் பொறுக்க அலுத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

தவுக்கேக்கும் ஆலைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சிறு தோட்டக்காரர் கூட்டுறவு. எம்பிஓபி ஊக்கத்தில் பல மாவட்டங்களில் இப்படிச் சங்கங்கள் உண்டு. சில சங்கங்கள் தாங்களே குலை வாங்கி ஆலைக்கு அனுப்புகின்றன. லோரிப் பிரச்சினை அதில் தீருகிறது. சங்கத்தை நடத்துகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் மிச்சமெல்லாம். கூட்டுறவு என்றாலே நம் பெரியவர்களுக்கு 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, லயத்தில் இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலம் அது. அவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். தனித்தனியாக நிலம் கையில் வந்த தமிழ்க் குடும்பங்கள் குறைவு. அரசாங்கத்தின் பெல்டா நிலத்திட்டங்களிலும் நம்மவர்கள் கொஞ்சம்தான். அதனால்தான் இந்த ஐந்து ஏக்கரை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் பாசத்தைக் கணக்கில் சேர்த்தால் கணக்கு தப்பாகும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். செம்பனையை முறைப்படி பயிர் செய்கிறோம் என்பதற்கான மலேசியச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம், அதனால் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க அதில் ஒன்றுமில்லை. அதை எடுத்தால் விலை கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அது வாசலைத் திறந்து வைக்கும் சீட்டு, அவ்வளவே. எம்பிஓபி அதிகாரிகள் வந்து குழுவாகச் சேர்த்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்துப் போத்தலை எங்கே வைக்கிறோம், எப்போது உரம் போட்டோம் என்று எழுதி வைக்கச் சொல்வார்கள். தொல்லையாகத்தான் இருக்கும். ஆனால் தோட்டப்புறத்தில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் பாராகுவாட் களைக்கொல்லி அடித்த நம் பெண்களை நினைத்தால் அந்தத் தொல்லை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த மருந்துக்கு 2020இல் நாடு முழுக்கத் தடை வந்தது.

ஆர்எஸ்பிஓ வேறு ரகம். அது வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்கும் சான்றிதழ், விருப்பம் இருந்தால் எடுக்கலாம். 2019இல் சிறு தோட்டக்காரர்களுக்கென்று தனி விதி கொண்டு வந்தார்கள். அதன்படி படிப்படியாக ஏறலாம். முதல் படியிலேயே விளைச்சலில் 40 விழுக்காட்டுக்கு ‘கிரெடிட்’, அதாவது முறைப்படி விளைவித்ததற்கான சான்றுச் சீட்டு, விற்கலாம், அடுத்து 70, கடைசியில் முழுவதும். குலை எப்போதும் போகிற ஆலைக்கே போகும். கிரெடிட்டை மட்டும் எங்கோ ஒரு சோப்பு நிறுவனமோ பிஸ்கட் நிறுவனமோ காசு கொடுத்து வாங்கும். அந்தக் காசு குழுவின் கணக்குக்குத்தான் வரும். குழு அதை உரமாகக் கொடுக்கிறதா, கையில் கொடுக்கிறதா, கூட்டம் போட்டே தீர்க்கிறதா என்று சேருவதற்கு முன் கேட்டுவிடுங்கள். உகாண்டாவில் காப்பி விவசாயிகளிடம் மூன்று சான்றிதழ்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2015இல் வந்தது. ‘ஃபேர்டிரேட்’ எடுத்த வீடுகளின் வாழ்க்கைத்தரம் 30 விழுக்காடு கூடியிருந்தது. மற்ற இரண்டு சான்றிதழ்களால் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மூன்றும் ஏற்றுமதிக்கான சான்றிதழ்தான், மூன்றுக்கும் தணிக்கை உண்டு. சான்றிதழ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களில் பாதி நமக்குப் பொருந்தாது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்ததை வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். செம்பனைக்கும் ரப்பருக்கும் சேர்த்துத்தான். முப்பது நாற்பது வருடமாகப் பயிர் நிற்கும் பகாவ் நிலத்துக்கு அதில் சிக்கல் இல்லை. நிலம் எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் புள்ளி கேட்பார்கள். நான்கு ஹெக்டருக்குள் இருந்தால் ஒரே புள்ளி போதும், கைத்தொலைபேசியில் எடுத்துவிடலாம். சட்டம் அமலுக்கு வரும் தேதியை ஒருமுறைக்கு மேல் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நமக்கு உண்மையில் இடிக்கப்போவது வேறு: நில கிராண்ட் (உரிமைப் பத்திரம்) இன்னும் காலமான அப்பா பெயரில் இருக்கும், எம்பிஓபி உரிமம் அண்ணன் பெயரில் இருக்கும், பயிர் பார்ப்பது தம்பியாக இருப்பார். தாளில் இந்த மூவரும் ஒன்றுசேராவிட்டால் எந்தச் சான்றிதழும் நகராது.

டுரியானுக்கு வருகிறேன். மருமகன்கள் கண்ணில் மின்னுவது இதுதான், மின்னுவதிலும் தப்பில்லை. மூசாங் கிங் என்னும் டி197, 1993இல் பதிவான ரகம். சீனா நம் நாட்டிலிருந்து உறைந்த சுளையை 2011 முதலும், உறைந்த முழுப் பழத்தை 2019 முதலும், புதுப் பழத்தை 2024 முதலும் வாங்குகிறது. 2024இல் மட்டும் சீனா இறக்குமதி செய்த புது டுரியான் பதினைந்து லட்சம் டன்னுக்கும் மேல். மதிப்பு ஏறக்குறைய 700 கோடி அமெரிக்க டாலர். இந்த எண்ணைக் கேட்டால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அதில் ஏறத்தாழ எல்லாமே தாய்லாந்தும் வியட்நாமும் அனுப்பியது. வியட்நாமுக்கு 2022இல்தான் கதவு திறந்தது, இரண்டே வருடத்தில் தாய்லாந்தின் கழுத்தைப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. நமக்குக் கதவு திறந்ததென்று மகிழ்வதற்கு முன்பே, 2023இல், பிலிப்பைன்சுக்கும் திறந்துவிட்டது, மற்றவர்களும் வரிசையில் வருகிறார்கள். இன்று வைக்கும் கன்று காசு தரும் காலத்தில் அந்தச் சந்தையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டுக்கன்று காய்க்க ஐந்தாறு வருடம், நல்லபடியாகக் காய்க்க எட்டுப் பத்து வருடம். ஏக்கருக்கு நாற்பது மரம். முதல் சில வருடம் தண்ணீர் விடாமல் முடியாது. தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடம் என்று பெயரெடுத்த ஜெலுபு நமக்குப் பக்கத்து மாவட்டம். நம் பக்கமும் வெயில் காலத்தில் மண் வெடிக்கும். கிணறோ குளமோ இல்லாத நிலத்தில் டுரியான் என்பது பேச்சோடு நிற்க வேண்டியது. பெரிய மரத்துக்கு வரும் ஒரு வியாதி பட்டையில் தொடங்கும்: அடிமரத்தில் ஒரு இடம் கறுத்து, செம்மண் நிறத்தில் சாறு கசியும். கத்தியால் மேல்பட்டையைச் சீவினால் உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். பைட்டோப்தோரா என்னும் பூசணக்கிருமி வேலை அது. முன்னாலேயே பார்த்துச் சுரண்டி மருந்து பூசினால் பிழைக்கும். வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிற சொந்தக்காரர் கவனிப்பதற்குள் மரம் போய்விடும். (பூ ராத்திரியில் விரியும், மகரந்தம் சேர்ப்பது வௌவால். பழத்தைத் தின்ன வருகிறது என்று வௌவாலைச் சுடுகிற ஆட்களும் உண்டு. என்ன சொல்ல!)

நம் நாட்டு டுரியானை மரத்தில் அறுப்பதில்லை, பழுத்துத் தானாக விழ வேண்டும். ருசியின் ரகசியமும் அதுதான், ஏற்றுமதியின் தலைவலியும் அதுதான். தாய்லாந்தில் முற்றிய காயை அறுத்துப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பலாம். விழுந்த பழம் அப்படிக் காத்திருக்காது. அன்றைக்கே எடுத்து, அன்றைக்கே பதனிடும் கூடத்துக்குப் போக வேண்டும். ஆக, பருவத்தில் யாராவது தோட்டத்திலேயே படுக்க வேண்டும். குரங்கு, அணில், அதற்கு மேல் திருடன். பகலில் சிரம்பானில் வேலை பார்க்கும் மகன் இரவில் டுரியான் காவல் காக்கப் போவதில்லை. மாமா வயதில் அது மாமாவால் ஆகப்போவதும் இல்லை. வேலை நேரம் என்று நான் முக்கியமாகச் சொன்ன அளவுகோலில் டுரியான் வழுக்குவது இங்கேதான்.

ஏற்றுமதிக்கு என்றால் நல்ல விவசாய முறைக்கு வேளாண் துறை தரும் மைகேப் சான்றிதழ் வேண்டும். தோட்டமும் பதனிடும் கூடமும் சீனச் சுங்கத்துறையிடம் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டு ஏக்கர் டுரியான் வைத்திருக்கிறவர் நேராக ஏற்றுமதி செய்யப்போவதில்லை. பதிவு உள்ள ஒரு மொத்த வியாபாரி வருவார், பருவம் தொடங்கும் முன்பே மரத்தைப் பார்த்து மொத்தமாக விலை பேசுவார். பணம் முன்னால் வரும், காவலும் அவர் ஆளே பார்த்துக்கொள்வார். நிம்மதி உண்டு, விலை குறைவு. சீனாவில் விலை ஏறினால் லாபம் அவருக்கு, இறங்கினால் அடுத்த பருவம் அவர் வரமாட்டார். 2025 ஜனவரியில் தாய்லாந்துப் பழத்தில் தடைசெய்யப்பட்ட மஞ்சள் சாயம் இருக்கிறதென்று சீனா ஒவ்வொரு சரக்கையும் சோதிக்கச் சொன்னது. லோரிகள் தேங்கின, பழம் தேங்கியது. எவனோ ஒருவன் போட்ட சாயத்துக்கு எல்லா விவசாயியும் தண்டம் கட்டினான். ஒரே நாட்டை நம்பி ஐந்து ஏக்கரையும் போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சரி, டுரியானை அடியோடு வேண்டாம் என்கிறேனா என்றால் இல்லை. டுரியானுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: சீனா வாங்காவிட்டாலும் நாம் சாப்பிடுவோம். செம்பனைக் குலையை ரோட்டோரத்தில் வைத்து யாருக்கும் விற்க முடியாது. டுரியானை விற்கலாம். விளைச்சல் கொட்டும் பருவத்தில் மலிந்து போனாலும் குப்பைக்குப் போகாது. சொந்தக் கணக்கில் விற்கக்கூடிய அளவுக்கு, அதாவது வீட்டு ஆட்களே பொறுக்கிப் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு, டுரியான் வைப்பது புத்திசாலித்தனம். அதற்கு மேல் அகலக்கால்.

ரப்பரைப் பற்றி அத்தை சொன்னதைத் தள்ளிவிட முடியாது. பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) உறைந்த கட்டிப்பாலை வாரம் ஒருமுறை எடுத்துப் போட்டால் கையில் காசு. விலை விழுந்தால் அரசாங்கத்தின் உற்பத்தி ஊக்கத்தொகை உண்டு. கட்டிப்பால் விலை கிலோவுக்கு 3 ரிங்கிட்டுக்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுக்கும் திட்டம் அது. நான்கு வழிகளில் இப்படி அடிவிலைக்கு ஒரு தாங்கல் இருப்பது இதற்கு மட்டும்தான். ரப்பர் வாரியத்தின் பெர்மிட் அட்டை இருந்தால்தான் அது கிடைக்கும். ஆனால் விடியற்காலையில் எழுந்து பால் வெட்ட யார் இருக்கிறார்கள்? மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. 2017க்குப் பிறகு பெஸ்டலோட்டியாப்சிஸ் என்ற இலையுதிர் நோய் வேறு. வீட்டில் வேறு வேலைக்குப் போகாத, உடம்பில் தெம்புள்ள ஒருவர் இருந்தால் ரப்பர் சோறு போடும். மாமா வீட்டில் அப்படி யாரும் இல்லை. அத்தை தன் முழங்காலை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

குத்தகை. நிலத்தை ஒரு குத்தகைக்காரரிடம் விட்டால் அலைச்சல் இல்லை. வருவதும் கொஞ்சம். உரம் போடாமல் மரத்தைக் கசக்கிப் பிழிந்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. ஒப்பந்தத்தில் உரக் கணக்கை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் யோசிக்க வைக்கும் ஓர் ஆய்வு செனகலிலிருந்து வந்தது. ஐரோப்பாவுக்கு பீன்ஸ் அனுப்பிய நிறுவனங்கள், தரக் கட்டுப்பாடு இறுகியதும் சிறு விவசாயிகளிடம் வாங்குவதைக் குறைத்துவிட்டுத் தாங்களே பெருந்தோட்டம் போட்டன. விவசாயிகள் நாசமாகிவிட்டார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் மிக ஏழை வீடுகளுக்கு அந்தத் தோட்டக் கூலி வருமானத்தைக் கூட்டியிருந்தது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். அங்கே அது சரியாக இருக்கலாம். இங்கே தோட்டக் கூலிக்கு வருவது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான். நம் நிலம் பெருந்தோட்டத்துக்குள் போனால் அந்தக் கூலி நம் வீட்டுக்கு வராது. ஆள் யாருமே ஊரில் இல்லாத குடும்பத்துக்கு மட்டும் குத்தகை பொருந்தும்.

என்னைக் கேட்டால், மாமாவின் நிலத்துக்கு நான் சொல்வது: நான்கு ஏக்கர் செம்பனை, ஒரு ஏக்கர் டுரியான். ஐந்தையும் ஒரே நேரத்தில் அழிக்க வேண்டாம். செம்பனைக் கன்று நட்டு முப்பது மாதம் வரை ஒரு சென் வராது. மொத்தமாக அழித்தால் அந்த மூன்று வருடம் வீடு கடனில் ஓடும். கடன் என்றால் தவுக்கேயிடம்தான். பாதியை முதலில் வெட்டலாம், கிழமரங்கள் மீதிப் பாதியில் இருந்து கொடுக்கிறதைக் கொடுக்கட்டும். புதுக் கன்றுகளுக்கு நடுவே இரண்டு வருடத்துக்கு வாழை போடலாம். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் தார் வரும், பகாவ் சந்தையிலேயே விலைபோகும், யாருடைய சான்றிதழும் வேண்டாம். புதுக் கன்று காய்க்கத் தொடங்கியதும் மறு பாதி. டுரியான் ஏக்கர் வீட்டுக்குக் கிட்டே, தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குலையைக் கூட்டுறவில் போட முடிந்தால் நல்லது. இல்லையென்றால் தவுக்கே இருக்கிறார், விகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பணத்தை இழுத்துப் பிடித்துச் செலவு செய்கிற ஆள் அத்தை. பணம் வரும் கணக்கில் அவர் பெயரும் இருக்கட்டும். உகாண்டா காப்பி வீடுகளில் விற்ற பணம் பெண்கள் கைக்கும் வந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டே மாறியது.

நிலத்தில் கிணறும், பருவத்தில் ஊரில் இருக்கக்கூடிய இரண்டு இளவட்டங்களும், வேறு சம்பளம் ஒன்றும் உள்ள குடும்பமாக இருந்தால் என் பதில் மாறும். அவர்கள் டுரியானை இரண்டரை ஏக்கர் வரை கொண்டு போகலாம்.

எதைச் செய்வதானாலும் முதலில் கிராண்டை எடுத்துப் பாருங்கள். நிபந்தனைப் பகுதியில் இந்தப் பயிர்தான் போட வேண்டும் என்று எழுதியிருக்கலாம்; ரப்பர் என்றோ செம்பனை என்றோ இருந்தால் டுரியானுக்கு நில அலுவலகத்தில் நிபந்தனை மாற்றம் கேட்க வேண்டும். அப்பா பெயரில் இருந்தால் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி மாவட்ட நில அலுவலகத்திலேயே மனுப் போடலாம். அக்கா தங்கைகள் எல்லாரும் கையெழுத்துக்கு வர வேண்டியிருக்கும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் கன்று. செம்பனைக் கன்றை எம்பிஓபி உரிமம் உள்ள நாற்றங்காலில் மட்டும் வாங்கி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஓடு தடித்த டுரா ரகத்தை, ஓடு மெலிந்து எண்ணெய் கூடிய டெனெரா என்று சொல்லித் தலையில் கட்டியிருந்தால் அது உங்களுக்குத் தெரியவருவது மூன்றாம் வருடம், முதல் குலையை வெட்டிப் பார்க்கும்போதுதான்.